பீதி நோய்: முதலில் வந்தது எந்த வயதில்?



வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. மூச்சு முட்டுகிறது. கை கால் வெலவெலத்து, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது. "செத்துப்போய் விடுவேன் போலிருக்கே" என்று பக்கத்தில் இருப்பவரின் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறார். ஒருவர் தண்ணீர் தெளிக்கிறார். ஒருவர் விபூதி எடுக்க ஓடுகிறார். இன்னொருவர் வண்டி பிடிக்க ஓடுகிறார். வண்டி வந்து, செம்மண் பாதையைக் கடந்து, பட்டணத்து மருத்துவமனையை எட்டுவதற்குள் படபடப்பு அடங்கிவிடுகிறது. மருத்துவர் சோதித்துப் பார்த்து, "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்.

தோட்டப்புறத்தில் இதைப் பார்த்திராதவர்கள் குறைவு. இதற்கு நாம் வைக்கும் பெயர்களைச் சற்றுக் கவனியுங்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு வந்தால் காற்றுச் சேட்டை என்கிறோம். உழைக்கிற வயதுள்ள ஆணுக்கு வந்தால் மாரடைப்பு என்று அஞ்சுகிறோம். பாட்டிக்கு வந்தால் வாயு என்கிறோம், அல்லது வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறோம். ஆக, ஆளின் வயதைப் பார்த்துத்தான் நோய்க்குப் பெயர் வைக்கிறோம்.

மருத்துவர்களும் வயதைக் கேட்கிறார்கள். ஆனால் அவர்கள் இரண்டு வயதுகளைக் கேட்கிறார்கள். இப்போது என்ன வயது என்பது ஒன்று. இந்தத் தொந்தரவு முதன்முதலில் வந்தபோது என்ன வயது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில் எதற்கெல்லாம் உதவுகிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் நோய் இன்னதென்று பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் இதைப் 'பேனிக்' என்பார்கள். நாம் பீதி நோய் என்று சொல்லிக்கொள்வோம்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறீர்கள். மரத்தடியில் பாம்பு. அதைக் கண்ட கணத்தில் உங்கள் உடம்பு என்ன செய்கிறது? இருதயம் வேகமாக அடிக்கிறது, ஓடுவதற்குக் காலுக்கு இரத்தம் வேண்டும் என்பதற்காக. மூச்சு வேகமாகிறது. வேர்க்கிறது. வயிறு பிசைகிறது. இவையெல்லாம் உங்களைக் காப்பாற்ற உடம்பு அடிக்கும் அபாய மணி. பாம்பு போனதும் மணி நின்றுவிடும். பீதித் தாக்கு என்பது பாம்பே இல்லாத இடத்தில் அந்த மணி தானாக அடித்துக்கொள்வது. சோறு உண்ணும்போது வரலாம். கடையில் வரிசையில் நிற்கும்போது வரலாம். தூங்கிக்கொண்டிருப்பவரை எழுப்பிவிட்டும் வரலாம். சில நிமிடங்களுக்குள், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள், உச்சத்துக்கு ஏறிவிடும். நெஞ்சு வலி, தொண்டை அடைப்பு, தலைச்சுற்றல், விரல்களில் மரமரப்பு, சுற்றியிருப்பதெல்லாம் கனவுபோலத் தோன்றுவது, பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற பயம், செத்துவிடுவோமோ என்ற பயம், இவற்றில் பல ஒன்றாகச் சேர்ந்து வரும். பார்க்கிறவர்கள் நடிப்பு என்று நினைக்கலாம். நடிப்பு இல்லை. பாம்பைக் கண்டவரின் உடம்பில் நடப்பது அத்தனையும் அவர் உடம்பில் மெய்யாகவே நடக்கிறது.

ஒருமுறை வந்துவிட்டால் அது நோய் ஆகிவிடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு 25 நாடுகளில் எடுத்த கணக்கு ஒன்று 2016-இல் வெளிவந்தது. வாழ்நாளில் என்றாவது ஒருமுறை பீதித் தாக்கு வந்தவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று பேர். ஆனால் அது நோயாக நிலைத்தது நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. தாக்கு மீண்டும் மீண்டும் காரணமின்றி வரவேண்டும். அத்துடன் "மறுபடியும் வந்துவிடுமோ" என்ற கவலை ஒரு மாதத்துக்கு மேல் ஆளைப் பிடித்து ஆட்ட வேண்டும், அல்லது அந்தப் பயத்தினால் அவர் தம் நடைமுறையையே மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் அதை நோய் என்பார்கள். பேருந்தில் ஏற மறுப்பது, தனியாகக் குளியலறைக்குக்கூடப் போகாமல் இருப்பது, திருவிழாக் கூட்டத்தைக் கண்டு ஒதுங்குவது, இவை அந்த மாற்றங்கள்.

நோய் பழையது, பெயர்தான் புதியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சிப்பாய்கள் பலர் நெஞ்சு படபடப்பு, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்று படுத்தார்கள். அவர்களில் முந்நூறு பேரைச் சோதித்த டா காஸ்டா என்ற மருத்துவர், 1871-இல் அதை எளிதில் எரிச்சலடையும் இருதயம் என்று எழுதினார். அவர் கண்டவர்களில் எத்தனை பேருக்கு இன்று நாம் சொல்லும் பீதி நோய் இருந்தது என்று இப்போது பிரித்துச் சொல்ல இயலாது. ஆயினும் இருதயத்தில் பழுது காணாமலே இருதய நோயாளியைப்போல் இளைஞர்கள் துடித்ததை அவர் கண்டு எழுதி வைத்தார். பீதி நோய் தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் பட்டியலில் ஏறியது 1980-இல்.

இனி வயதுக்கு வருவோம்.

இந்த நோய் பெரும்பாலும் இளமையில் தலைகாட்டும். அமெரிக்கக் கணக்குப்படி இருபதிலிருந்து இருபத்து நான்கு வயதுக்குள் தொடங்குவது நடுத்தரம். முன்னே சொன்ன 25 நாட்டுக் கணக்கில் நடு வயது முப்பத்திரண்டு. பருவம் அடையாத குழந்தைகளுக்கு வருவது மிக அரிது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவதும் அரிது. ஆனால் இல்லாமல் இல்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு.

சின்னக் குழந்தைகளைப் பற்றி எங்கள் தொழிலில் கண்டதைச் சொல்கிறோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி என்று அழுகிறது. அம்மாவின் சேலை முந்தானையை விடமாட்டேன் என்கிறது. அம்மா பள்ளி வாசலில் நின்றால் வலி போய்விடுகிறது. அம்மா மறைந்தால் வந்துவிடுகிறது. இது பீதி நோய் அன்று, பிரிவச்சம். பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் தெளிந்துவிடுவார்கள். ஆனால் 1960-ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கில் டொனால்ட் கிளைன் என்ற மனநல மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். பீதித் தாக்கினால் வீட்டைவிட்டு வெளியேறவே அஞ்சிய பெரியவர்கள் பலர், சிறு வயதில் கடுமையான பிரிவச்சத்தோடு பள்ளிக்குப் போக மறுத்தவர்களாக இருந்தார்கள். ஆகவே, மாதக்கணக்கில் நீடிக்கும் பிரிவச்சத்தைச் "செல்லம்" என்று சிரித்து ஒதுக்குவதும், ரோத்தானை எடுப்பதும் இரண்டுமே தவறு. வகுப்பாசிரியரிடம் வந்து சொல்லுங்கள். அதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம்.

அடுத்தது, பிள்ளைகள் பெரியவர்களாகும் வயது. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும்.

1992-இல் கலிபோர்னியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஆறாம், ஏழாம் வகுப்பில் படிக்கும் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சிறுமிகளை விசாரித்தார்கள். எல்லாரும் ஏறக்குறைய ஒரே வயதுப் பிள்ளைகள். ஆனால் சிலர் பருவ வளர்ச்சியில் முன்னே போயிருந்தார்கள். சிலர் இன்னும் குழந்தை உடம்போடு இருந்தார்கள். வளர்ச்சி தொடங்காத சிறுமிகளில் ஒருவருக்குக்கூடப் பீதித் தாக்கு வந்திருக்கவில்லை. வளர்ச்சி முற்றுப்பெற்ற சிறுமிகளில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு வந்திருந்தது. பிறந்த நாளைக் கொண்டு எண்ணும் வயதைவிட, உடம்பின் வயதே இங்கே கணக்கில் வருகிறது.

இதை நம் வீடுகளோடு பொருத்திப் பாருங்கள். பெண் வயதுக்கு வருகிறாள். தனியே உட்கார வைக்கிறோம். மஞ்சள் நீராட்டு நடக்கிறது. அங்கே போகாதே, உச்சி வேளையில் வெளியே நிற்காதே, பால்மரக் காட்டுப்பக்கம் நடக்காதே என்று எச்சரிக்கிறோம். அந்த ஆண்டில், அல்லது அடுத்த ஆண்டில், முதல் தாக்கு வருகிறது. எச்சரித்தபடியே நடந்துவிட்டது என்று எல்லாரும் நம்புகிறார்கள். பெண்ணும் நம்புகிறாள். காற்று பிடித்த நேரம் என்று நாம் கணக்குப் பார்ப்பது, உண்மையில் பீதி நோய் தலைகாட்டத் தொடங்கும் பருவம்.

பள்ளிகளிலும் விடுதிகளிலும் ஒருத்தி அலற, மற்றவர்களும் கூடவே அலறி மயங்கி விழுந்த செய்திகளை நம் நாட்டில் நெடுங்காலமாகக் கேட்டிருக்கிறோம். அது கூட்டமாகப் பரவும் வேறொரு கோளாறு. நாம் பேசுவது தனியாக, ஓசையில்லாமல் வருவது. சொல்லப்போனால் பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் சொல்வதே இல்லை.

எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துப் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போன மாணவி ஒருத்தி. கெட்டிக்காரி. முதலாம் படிவத்தில் பள்ளிப் பேருந்தில் ஒரு நாள் மூச்சு முட்டி, முகம் வெளுத்து, வழியிலேயே இறக்கிவிடும்படி அழுதிருக்கிறாள். மறு வாரமும் அப்படியே. மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். பிறகு அவள் தாயார், "பேருந்தில்தானே வருது, கொஞ்ச நாளைக்கு வீட்டிலேயே இருக்கட்டும்" என்று நிறுத்திக்கொண்டார். பிள்ளை மீதுள்ள பாசத்தினால் செய்ததுதான். ஆனால் என்ன நடந்தது? வீட்டில் இருந்ததால் தாக்கு வரவில்லை. வராததால் பேருந்துதான் காரணம் என்று முடிவாகிவிட்டது. பிறகு கடைக்குப் போகவும் பயம். கோயிலுக்குப் போகவும் பயம். மூன்று மாதத்தில் அவளுடைய உலகம் ஒரு லயத்து வீட்டின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஒன்றுதான் வெளியே போகும் வழி. அந்த வழியில் கிடக்கும் கல் இந்த நோய். சுகாதார நிலையத்துக்குப் பல மாதங்கள் போய் வந்த பிறகே அவள் மீண்டும் பேருந்தில் ஏறினாள். ஓராண்டுப் பாடம் போயிற்று.

இளமையில் தொடங்கும் பீதி நோய்க்கு இது ஒரு குணம். பிந்தித் தொடங்குவதைவிட அது ஆளை அதிகமாக ஒதுங்கச் செய்கிறது. மனச்சோர்வு, கூச்சம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், குடி அல்லது போதைப்பொருள் பழக்கம் ஆகியவையும் இளமையில் தொடங்கியவர்களிடமே கூடுதலாகக் காணப்படுகின்றன. காரணம் விளங்காதது இல்லை. முப்பத்தைந்து வயதில் நோய் வருகிறவருக்கு அதற்கு முன்பே தொழில், குடும்பம், நண்பர்கள், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எல்லாம் அமைந்துவிட்டன. பதினான்கு வயதில் வருகிறவருக்கு அவையெல்லாம் இனிமேல்தான் அமைய வேண்டும். நோயின் நிழலிலேயே அமைகின்றன.

இன்னொன்று குடும்ப வழி. 1997-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கைச் சொல்கிறோம். இருபது வயதுக்குள் நோய் தொடங்கியவர்களின் பெற்றோர், உடன்பிறப்பு, பிள்ளைகளுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு, நோயில்லாத குடும்பத்தாரைப்போல் பதினேழு மடங்காக இருந்தது. இருபதுக்குப் பிறகு தொடங்கியவர்களின் உறவினருக்கு ஆறு மடங்கு. பதினேழு மடங்கு என்றதும் அரண்டுவிட வேண்டாம். சின்ன எண்ணின் பதினேழு மடங்கு அது. அத்தகைய குடும்பத்திலும் நோய் வராதவர்களே அதிகம். பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்லித் திருமணத்தைக் கலைப்பதற்கான செய்தியாக யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மகளுக்கு வந்தபோது, "எனக்கும் உன் வயதில் இப்படித்தான் வந்தது" என்று தாய் வாய்திறந்து சொல்வதற்கு உதவினால் போதும். அந்த ஒரு வாக்கியம் பிள்ளைக்குத் தரும் தெம்பை நாங்கள் கண்டிருக்கிறோம்.

இருபதிலும் முப்பதிலும் தொடங்குவதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பலருக்கும் தெரிந்த கதைதான். செம்பனைப் பழம் வெட்டும் இளைஞர். மூன்று முறை அவசரப் பிரிவுக்கு ஓடி, மூன்று முறையும் இருதய வரைபடம் சரியாக இருந்து, "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அந்த "ஒன்றுமில்லை" என்ற சொல்லுக்கு இருதயத்தில் ஒன்றுமில்லை என்றுதான் பொருள். அவரோ தமக்கு நோயே இல்லை, தாம் கோழை என்று எண்ணிக்கொள்கிறார். பிறகு படபடப்பை அடக்கச் சம்சு குடிக்கிறார். அன்று இரவு அடங்குகிறது. மறுநாள் போதை இறங்கும்போது கை நடுக்கமும் வேர்வையும் படபடப்பும் முன்னைவிட மோசமாக வருகின்றன. அதை அடக்க மேலும் குடிக்கிறார். பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வரும் மாதங்களில் நோய் தொடங்குவதும், இருந்தது கூடுவதும் உண்டு. பச்சை உடம்புக்காரி பயப்படுகிறாள் என்றால் பத்தியத்தை மாற்றினால் மட்டும் போதாது.

பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வினைப் பள்ளிப்பிள்ளைகளும் அறிவார்கள். அவருக்கு இருபத்தெட்டு வயதளவில் நெஞ்சு படபடப்பு தொடங்கியது. பிறகு வாழ்நாள் முழுதும் கூட்டங்களைத் தவிர்த்து, 1842 முதல் ஒரு கிராமத்து வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தார். அவருக்கு இருந்தது பீதி நோயாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் இருவர் 1997-இல் எழுதினார்கள். வேறு நோய் என்று வாதிடுவோரும் உண்டு. எதுவானாலும், அவரைக் கோழை என்று எவரும் சொன்னதில்லை.

இப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள். இங்கேதான் அந்த இரண்டாவது வயதைக் கேட்பது உயிரைக் காக்கும் கேள்வியாகிறது.

ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவர் படபடப்பு, மயக்கம், மூச்சு முட்டல் என்கிறார். "இது முதல்ல எப்பம்மா வந்துச்சு?" என்று கேட்கிறோம். "போன மாசந்தான்" என்கிறாரா? அப்படியானால் பீதி என்ற பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு உடம்பைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அந்த வயதில் புதிதாக வரும் படபடப்புக்குப் பின்னால் தைராய்டு சுரப்பி அளவுக்கு மேல் வேலை செய்வது, இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது, இரத்தச் சோகை, நுரையீரல் நோய் என்று பலவும் ஒளிந்திருக்கலாம். இனிப்பு நீர் உள்ளவர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பசியாறாமல் வேலைக்குப் போனால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். அதுவும் வேர்வை, நடுக்கம், படபடப்பாகத்தான் வரும். மருந்து அடிக்கும் வேலை செய்கிறவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சில பூச்சிமருந்துகள் உடம்பில் ஏறினாலும் வேர்வையும் மூச்சுத் திணறலும் வரும். மாரடைப்பும் பெண்களிடமும் இனிப்பு நீர் உள்ளவர்களிடமும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதாக மட்டும் வருவதில்லை. மூச்சு முட்டலாக, வேர்வையாக, வெறும் அசதியாகவும் வரும். ஆகையால் முதல் தடவையாக வரும் நெஞ்சு வலியை எந்த வயதிலும் பீதி என்று வீட்டிலேயே தீர்மானிக்கக் கூடாது. 999-ஐ அழையுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறோம்.

அதே கேள்விக்கு அந்த அம்மா வேறு விதமாகவும் பதில் சொல்லலாம். "ஒன் பெரிய மாமனைப் பெத்தப்பவே வந்துச்சு. யாருகிட்ட சொல்றது?" அப்படியானால் இது பத்தொன்பது வயதில் தொடங்கி, முப்பத்தாறு ஆண்டுகளாக வாயை மூடிக்கொண்டு சுமந்த நோய். அந்த அம்மா பட்டணத்துக்குத் தனியாகப் போனதே இல்லை, பேரப்பிள்ளைகள் எவ்வளவு கூப்பிட்டும் பத்துமலைத் தைப்பூசத்துக்கு வந்ததே இல்லை என்பதற்கெல்லாம் காரணம் அப்போதுதான் விளங்கும். இவருக்கும் உடம்பைச் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் வைத்தியம் இளமையில் தொடங்கிய நோய்க்கு உரியது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அது பலிக்கும்.

வயதான பிறகு மெய்யாகவே பீதி நோய் தொடங்குகிறவர்களும் சிலர் உண்டு. அவர்களுக்கு அறிகுறிகள் குறைவாகவும், தாக்கின்போது எழும் கலக்கம் மிதமாகவும் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இது நல்லது போலத் தோன்றும். ஆனால் அதனாலேயே எவர் கண்ணிலும் படாமல் போகிறது. தாத்தா, "பயமா இருக்கு" என்று சொல்லமாட்டார். "காத்துப் போதலே", "தலை ஒரு மாதிரி இருக்கு" என்பார். மெல்ல வெளியே போவதை நிறுத்திக்கொள்வார்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். இருபது, நாற்பத்தைந்து என்று நாம் கோடு போடுவதெல்லாம் ஆய்வாளர்கள் வசதிக்காகப் போட்டது. ஒருவர் இருபது என்பார், இன்னொருவர் இருபத்தைந்து என்பார். பத்தொன்பதில் தொடங்கியவருக்கும் இருபத்தொன்றில் தொடங்கியவருக்கும் நடுவில் சுவர் ஒன்றும் எழும்பிவிடாது. முதல் தாக்கு வந்த ஆண்டை நினைவிலிருந்து சொல்லும்போது தவறுவதும் இயல்பு. "கம்பத்துக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு முன்னாலா, பின்னாலா?" "தம்பி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டானா?" என்று கேட்டால் ஆண்டு சரியாக வந்துவிடும்.

வைத்தியம் இருக்கிறது, நல்ல வைத்தியமே இருக்கிறது. இரண்டு வகை. ஒன்று பேச்சும் பயிற்சியும். படபடப்பு வந்தால் சாவு வரும் என்று மனம் போட்டுவைத்திருக்கும் முடிச்சை அவிழ்ப்பதே இதன் நோக்கம். நின்ற இடத்திலேயே ஓடச் சொல்வார்கள். நாற்காலியில் சுழலச் சொல்வார்கள். படபடப்பும் தலைச்சுற்றலும் வேண்டுமென்றே வரவழைக்கப்படும். வந்து, ஏறி, தானாக இறங்குவதை நோயாளி தாமே கண்டுகொள்வார். பிறகு ஒதுக்கிவைத்த இடங்களுக்குப் படிப்படியாகப் போகச் சொல்வார்கள்: முதல் நாள் பேருந்து நிறுத்தம் வரை, பிறகு ஒரு நிறுத்தம், பிறகு இரண்டு. நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கு இருதயத்தைச் சோதித்த பிறகே இந்தப் பயிற்சி.

மற்றொன்று மருந்து. செர்த்ரலின் போன்ற மாத்திரைகளைச் சிறு அளவில் தொடங்கிக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று பலர் நிறுத்துவது அந்த வாரத்தில்தான். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். இங்கேயும் வயது குறுக்கிடுகிறது. இருபத்தைந்துக்கு உட்பட்டவர்களுக்கு இம்மருந்தைத் தொடங்கும் முதல் வாரங்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் எழக்கூடும் என்பதால், வீட்டார் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். களைக்கொல்லி டின்களைப் பூட்டி வைக்க வேண்டும். வயதானவர்களுக்குப் படபடப்பை உடனே அடக்கும் தூக்க வகை மாத்திரைகள் ஆபத்து. தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறியும், நினைவு மங்கும். எந்த வயதிலும் அந்த வகை மாத்திரை பழக்கமாகிவிடக்கூடியது. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தார் என்று வாங்கிப் போடாதீர்கள்.

தாக்கு வந்துகொண்டிருக்கும்போது, முன்பே மருத்துவர் சோதித்து இது பீதிதான் என்று சொல்லியிருந்தால், கூட்டம் கூடாதீர்கள். ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏறுது, இறங்கிடும், நான் இங்கேதான் இருக்கேன்" என்று தணிந்த குரலில் சொன்னால் போதும். மூச்சை மெதுவாக விடச் சொல்லுங்கள். வாயில் பையை வைத்து மூச்சு விடச் சொல்வது வேண்டாம். மூச்சு நோயோ இருதய நோயோ உள்ளவருக்கு அது கேடு.

பூசாரியிடம் போவதை நாங்கள் தடுக்கவில்லை. கோயிலில் கயிறு கட்டினால் மனம் தெளியும் என்றால் கட்டிக்கொள்ளுங்கள். கட்டிய கையோடு சுகாதார நிலையத்துக்கும் போங்கள். முன்பு தோட்டத்திலேயே டிரசர் இருந்தார். இப்போது பல தோட்டங்களில் அவர் இல்லை. ஆனால் குடிமக்களுக்கு அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கட்டணம் ஒரு வெள்ளிதான். பலரைத் தடுப்பது பணம் இல்லை. தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயர்தான். 1911-இல் அங்கே மனநல மருத்துவமனை திறக்கப்பட்டதிலிருந்து, அந்த ஊர்ப்பெயரையே நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். பீதி நோய்க்காரர் எவரையும் அங்கே கொண்டுபோய் அடைப்பதில்லை. பக்கத்துச் சுகாதார நிலையத்திலேயே மருந்து கிடைக்கும். வேண்டுமானால் பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். வெளியே போகவே அஞ்சுகிறவர்கள், சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய 15555 என்ற தொலைபேசி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முதன்முதலில் வந்தபோது என்ன வயது, அன்று எங்கே இருந்தீர்கள், எத்தனை நிமிடம் நீடித்தது, பெற்றோர் உடன்பிறப்பில் யாருக்காவது உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், குடிப்பழக்கம் உண்டா. குடிப்பதை மறைக்காதீர்கள்; மருத்துவர் யாரிடமும் சொல்லமாட்டார். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். மருத்துவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் இந்தச் சில சொற்கள் போதும்: நெஞ்சு படபடப்புக்கு 'ஜந்துங் பெர்டெபார்', மூச்சு முட்டலுக்கு 'செசாக் நாஃபாஸ்', முதன்முறை என்பதற்குப் 'பெர்த்தாமா காலி', வயதுக்கு 'உமுர்'. இந்தக் கடைசி இரண்டு சொற்களுக்கும் பக்கத்தில் ஓர் எண்ணை எழுதி, அதன் கீழே கோடு போட்டுக் கொடுங்கள்.